உன் அப்பா முருங்கை மரத்தில் ஏறவில்லை

தம்பி,

இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. நாளை மத்தியானம் உனக்குச் சாப்பாடு கொண்டுவரும் அப்பா வழியில் பிரித்து வாசிக்கலாம். படகுத் துறை வாசற் படலையில் நிற்கும் காவற்காரர் வாசிக்கலாம். உன் பெரியப்பா கேட்டால் அவரிடமும் கொடு. டிப்ளோமா முடித்த கையோடு இந்தத் துறைமுகத்தைச் சுற்றி படகு திருத்தும் ஏதோ ஒரு யாட்டில், ஏதோ ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் என்ற பெயரோடு வேலைக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்ற எந்தத் தாயும் இதை வாசிக்கட்டும். ஒட்டி மறைக்க இதில் ஒன்றுமில்லை. மறைக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

நேரில் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை சொல்லத்தான் தொடங்கினேன். நான் சத்தம் போட்டேன். நீ "அம்மா, உங்களுக்கு ஒண்டும் விளங்காது, விடுங்கோ" என்று சொல்லி, சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போனாய். அன்றிலிருந்து யாட்டு அறையில்தான் படுக்கிறாய். கல்லூரியை முடித்த வருடமே உன்னைப் பெற்றவள் நான். பஸ்ஸில் சேர்ந்து போனால் இப்போதும் என்னை உன் அக்கா என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, நாம் சண்டை பிடிக்கும்போது தாயும் மகனும் போலப் பிடிப்பதில்லை, கடைசி வார்த்தை யாருடையது என்றுதான் பார்க்கிறோம். எழுதும்போது அந்தப் போட்டி இல்லை. பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்தபிறகு தொடங்கியதால் நேரமாகிவிட்டது. எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது, பொறுத்துக்கொள்.

நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். நீ பக்கத்தில் நின்றவன், நான் கேட்டு அறிந்தவள். ஆனாலும் நடந்தது நடந்தபடி ஒருமுறையாவது எழுத்தில் இருக்கட்டும். போன செவ்வாய்க்கிழமை காலை பலநாள் மீன்பிடிப் படகு ஒன்றைத் திருத்துவதற்குக் கரைக்கு இழுத்தீர்கள். படகை இழுக்கும் வின்ச் ஓடிக்கொண்டிருந்தது. கம்பிக் கயிறு உருளையில் நேராகச் சுற்றாமல் ஒரு பக்கமாக ஏறியது. அங்கே வேலை செய்யும் யோகன் அதைக் கையால் தள்ளிவிடப் பார்த்தான். பல்லுச் சக்கரத்தை மூட வேண்டிய இரும்பு மூடியைக் கிரீஸ் போடுவதற்கென்று யாரோ எப்போதோ கழற்றியிருந்தார்கள். அது திரும்பப் பூட்டப்படாமல் சுவரோடு சாத்திக் கிடந்தது. யோகனுடைய வலது கை உள்ளே போய்விட்டது. சின்னவிரலும் மோதிரவிரலும் இல்லை. நடுவிரல் இருக்கிறது, மடங்காது என்கிறார்கள்.

நீ உன் சேர்ட்டைக் கழற்றி அவனுடைய கையைச் சுற்றினாய். வான் வண்டியில் ஏற்றி, தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். மற்றவர்கள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது நீ ஓடினாய் என்று யோகனுடைய மனைவி சுகந்தி சொன்னாள். அதைக் கேட்ட கணத்தில் எனக்கு வந்த பெருமையை எழுத்தில் வைக்க ஏலாது. அதற்கு அடுத்ததாக நீ செய்ததுதான் என்னை இப்படி இருத்தி எழுத வைத்திருக்கிறது. அவசரப் பிரிவு வாசலில் இருக்கும் பொலிஸ்காரர் எப்படி நடந்தது என்று கேட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று யாட்டு முதலாளியான பெரியப்பா வரும் வழியிலேயே உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நீ அதைச் சொன்னாய்: "என்ட மோட்டார் சைக்கிள் செயினைத் துடைச்சுக்கொண்டு நிண்டவர் சேர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கை போயிட்டுது." யோகன் அரை மயக்கத்தில் தலையை ஆட்டினான். அவர் எழுதிக்கொண்டார்.

எனக்கு அப்போது எதுவும் தெரியாது. புதன்கிழமை பின்னேரம் நீ ஒரு சருவச்சட்டியில் பொங்கலோடு வந்தாய். யாட்டுக்குக் கண் பட்டுவிட்டதென்று நாவூறு கழித்ததாகச் சொன்னாய். ஐயர் வந்து பூசை செய்தாராம், படலையில் நீற்றுப்பூசணி உடைத்தார்களாம், வின்ச்சையும் அது நிற்கும் சீமெந்துத் தரையையும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்களாம். கிண்ணியாவிலிருந்து வரும் பெடியன்களும் தங்கள் பங்குக்குக் காசு சேர்த்துப் பள்ளிவாசலில் ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார்களாம். "ஆருக்கும் ஏதும் நடந்ததோ?" என்று நான் கேட்டேன். "யோகன் அண்ணைக்குக் கையில சின்னக் காயம்" என்றாய். முற்றத்துக்குப் போய், எதற்கென்று சொல்லாமலே மோட்டார் சைக்கிளைத் தறப்பாளால் மூடினாய். நான் பொங்கலை மனம் நிறையச் சாப்பிட்டேன். முந்திரிகை வத்தல் போட்டிருந்தார்கள்.

நாவூறு கழிப்பதை நான் பழித்துச் சொல்லவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டவள்தான் நான். ஒரு இடத்தில் ரத்தம் சிந்தினால், அடுத்த நாள் அதே இடத்தில் வந்து நின்று வேலை செய்ய மனிதருக்கு ஏதோ ஒரு தைரியம் வேண்டியிருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நம்முடைய ஊரில் விபத்து நடந்த மறுநாளே தரையைக் கழுவிவிடுகிறோம். கழுவ முதல், பூசைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று இரும்பு மூடியையும் எடுத்துப் பூட்டிவிடுகிறோம். நீதானே பூட்டினாய்? அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்தீர்கள். இனி யார் வந்து பார்த்தாலும் அந்த வின்ச் ஒரு பாவமும் அறியாத இயந்திரம். கழிக்கப்பட்டது நாவூறு மட்டுமில்லை தம்பி. யோகனுடைய கை அங்கேதான் போனது என்பதும் சேர்ந்து கழிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது சுகந்தி வாசலில் நின்றாள். இடுப்பில் சின்னவன், கையில் மூத்தது. சல்லிக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி, இறங்கி, விசாரித்து வந்திருந்தாள். யோகனுடைய மனைவியை நான் அதற்கு முதல் ஒரு கல்யாண வீட்டில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். தேத்தண்ணி குடிக்கவில்லை. கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கேட்டாள்.

"ரீச்சர், நீங்க படிச்சனீங்கள். ஒரு விசயம் கேக்க வேணும். ஆஸ்பத்திரியில மோட்டார் சைக்கிளால வந்த காயம் எண்டு எழுதிக் கிடக்காம். நேர்ஸ் மிஸ்ஸி வாசிச்சுச் சொன்னவ. எங்களிட்ட மோட்டார் சைக்கிள் இல்லை, ரீச்சர். அவர் சைக்கிள்ல போய்ச் சந்தியில விட்டிட்டு பஸ்ஸில போற மனுசன். நாளைக்கு ஆரின்ட மோட்டார் சைக்கிள் எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அவர் என்ன சொல்லுறார்?"

"அவர் ஒண்டும் சொல்லுறாரில்லை. முதலாளி நல்லவர், பாத்துக்கொள்ளுவார், நீ வாயை மூடு எண்டுறார். முதலாளி நல்லவர்தான். பால்மாப் பேணி, தோடம்பழம் எல்லாம் கொண்டுவந்தவர். கை ஆறினாப் பிறகு வா, படலையில இருக்க ஒரு வேலை தாறன் எண்டும் சொன்னவர்." பிறகு சின்னவனை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "நான் அவரை நம்பேல்ல எண்டில்லை. அவர் எவ்வளவு காலம் இருப்பாரோ, யாட் எவ்வளவு காலம் இருக்குமோ. இந்தக் கை இப்பிடியே தானே இருக்கப்போகுது."

குசினியில் நின்ற அப்பா அகப்பையோடு வெளியே வந்தார். முற்றத்தில் தறப்பாளுக்குள் கிடந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "முருங்கை மரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சுகந்திக்கு அது விளங்கவில்லை. உனக்கு விளங்கும். நம் வீட்டில் யாராவது பொய் சொன்னால் "முருங்கை மரம் நட்டாச்சா?" என்று கேட்பது உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இருக்கும் பகிடி. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று உனக்கு முழுதாகச் சொன்னோமோ தெரியவில்லை. சொல்லியிருந்தால், செவ்வாய்க்கிழமை அந்த வாசலில் நின்றபோது உனக்கு அது ஞாபகம் வந்திருக்கும்.

அப்போது நீ இரண்டாம் வகுப்பு. அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் மூட்டை அடுக்கும் வேலையில் இருந்தார். களஞ்சியக்காரரின் ஆளாக இல்லை, கூலிக்கு ஆள் பிடித்துக்கொடுக்கும் ஒரு கொந்தராத்துக்காரரின் ஆளாக. மா மூட்டைகளைக் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். நடுவிலே ஈரம் பட்ட வரிசை ஒன்று அமுங்கி, அடுக்கு முழுவதும் சரிந்து அப்பா மேலே விழுந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் செய்தி வந்தது. உன்னை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு ஓடினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா தள்ளுவண்டியில் கிடந்தார். முகம் முழுக்க மா, கண்ணிமை எல்லாம் மா. நீ "அப்பாவுக்குப் பவுடர் பூசியிருக்கு" என்று சொன்னாய். பொலிஸ்காரருக்கு முன்னால் கொந்தராத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் சொல்லிக்கொண்டிருந்த கதையின் நடுவில்தான் நான் உள்ளே வந்தேன்.

"வளவில முருங்கைக்காய் ஆயப் போய் விழுந்திட்டார் ஐயா. இண்டைக்கு அவருக்கு லீவுதானே."

பொலிஸ்காரர் சிங்களவர். கொச்சையாகத் தமிழ் பேசுவார். பேனையை நிறுத்திவிட்டு, "முருங்கா? முருங்கா மரத்தில ஆள் ஏறுற? கொப்பு உடையும் தானே?" என்று கேட்டார். "அதுதான் ஐயா உடைஞ்சது" என்றார் இவர். "அப்ப மூஞ்சில என்ன, மா?" இவர் ஒரு கணம் யோசித்தார். "புட்டவிக்கிறதுக்கு மா அரிச்சுக்கொண்டு நிண்டவர். இடையிலதான் மரத்தில ஏறினவர்."

நான் வாய் திறக்கவில்லை, தம்பி. பயம். கொந்தராத்துக்காரரைப் பகைத்தால் இனி யார் வேலை தருவார்கள், பொலிஸ், விசாரணை, அந்தக் காலத்தில் பொலிஸ் என்ற சொல்லே நமக்கு என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. அப்போது அப்பாவின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். அப்பாவோடு மூட்டை தூக்குகிற ரஹீம் நானா. கிண்ணியாக்காரர். அவர் முகத்திலும் மா.

"ஐயா, இவர்ர வளவில முருங்கை இல்ல. நான் போயிரிக்கன், சோறும் திண்டிரிக்கன். மூட்டை அடுக்கு சரிஞ்சி உழுந்த. நான் பக்கத்தில நிண்ட. அத எழுதுங்க."

"நானா, நீங்க சும்மா இருங்கோ" என்றார் கொந்தராத்துக்காரர்.

"சும்மா இரிக்கத்தான் பாத்தன் முதலாளி. இடுப்பு உடைஞ்ச மனிசன நீங்க மரத்திலயும் ஏத்திப் புட்டும் அவிக்க வெச்சிட்டீங்களே."

பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அதையும் எழுதினார். வேறொன்றுமில்லை. ஒரு மனிதன் இரண்டு வசனம் சொன்னான், இன்னொருவர் அதை எழுதினார். ஆனால் பிறகு வந்த மாதங்களில் நாங்கள் தொங்கிக்கொண்டு கரை சேர்ந்தது அந்த இரண்டு வசனத்தில்தான். நட்டஈட்டு விசாரணையில் ஒவ்வொரு தவணையும் கொந்தராத்துக்காரரின் ஆள் எழுந்து முருங்கை மரத்தைக் காட்டுவார். ஒவ்வொரு தவணையும் ரஹீம் நானா எழுந்து மூட்டையைக் காட்டுவார். கிண்ணியாப் பாலம் திறக்காத காலம். பாதை என்கிற மிதவையில் ஏறி, சோதனைச் சாவடி எல்லாம் இறங்கி ஏறி, அன்றைய கூலியை விட்டு அவர் வருவார். அந்தக் களஞ்சியத்தில் அவருக்கு வேலை இல்லாமல் போனது முதல் கிழமையே நடந்துவிட்டது. பிறகு ஐஸ் லொறி ஒன்றில் குச்சவெளிப் பக்கம் மீன் ஏற்றப் போனார். அதை ஒரு நாளும் எங்களிடம் ஒரு குறையாகச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்தால் படலையில் நின்று "என்ன முருங்கை, சுகமா?" என்று கூப்பிடுவார். அப்பாவும் "ஓம், காய்ச்சுக் குலுங்குது, வாங்கோ" என்பார்.

கிடைத்த நட்டஈடு செல்வம் ஒன்றும் இல்லை. ஆனால் அப்பா கம்பைப் பிடித்து நடக்கப் பழகும்வரை நான் எவர் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. தீர்ப்பு வந்த அன்று அப்பா சொன்னார்: "நான் மரத்தில இருந்து விழேல்லை எண்டு அரசாங்கமே சொல்லிப்போட்டுது." இதைச் சொல்லி அழுதார். எனக்கு அப்போது அது விசித்திரமாக இருந்தது. இப்போது விளங்குகிறது. கையோ காலோ போன மனிதனுக்கு, அது எதற்காகப் போனது என்பதுதான் மிஞ்சுகிறது. வேலை செய்துகொண்டு நின்றபோது போனது என்பது ஒன்று. கவனமில்லாமல் எங்கோ விளையாடிப் போக்கிக்கொண்டான் என்பது வேறொன்று. யோகனுடைய மூத்த மகள் வளர்ந்து, அப்பா உங்கட விரல் எங்கே என்று கேட்கும்போது அவன் எதைச் சொல்வான்? உன்னுடைய மோட்டார் சைக்கிளையா?

பெரியப்பாவின் பக்கத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் கெட்ட மனிதர் இல்லை. டிப்ளோமாவோடு நீ ஒரு வருடம் படியேறி இறங்கியபோது, "பெடியனை அனுப்பு" என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். வெள்ளிக்கிழமை நீ சொன்னது எல்லாம் என் காதில் இருக்கிறது. "தொழில் கந்தோர் அதிகாரிமார் வந்தா யாட்டை மூடுவாங்கள் அம்மா. அங்க வேலை செய்யிற அவ்வளவு பேரும் தெருவில. யோகன் அண்ணைக்காக எல்லாரையும் கொல்லுறதோ?" இது உன்னுடைய பேச்சில்லை, பெரியப்பாவின் பேச்சு. ஆனால் அதில் அவருடைய பயம் பொய்யில்லை. உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அவர்கள் வந்தால் என்ன சொல்வார்கள்? மூடியைப் பூட்டு என்பார்கள். நீ அதைப் புதன்கிழமையே பூட்டிவிட்டாய். பூட்ட இவ்வளவு நேரம்தான் எடுக்குமென்றால் ஏன் அதற்கு முதல் நாள் பூட்டவில்லை என்று கேட்பார்கள். பெரியப்பா பயப்படுவது அந்தக் கேள்விக்குத்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி உன்னையும் கேட்கும். மூடி சுவரோடு கிடந்ததை நீயும்தானே தினமும் கண்டாய். அதனால்தான் அந்தப் பொய் உன் வாயில் அவ்வளவு லேசாக வந்ததா? இதற்கு நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நட்டஈட்டுச் சட்டம் முதலாளி நல்லவரா கெட்டவரா என்று கேட்பதில்லை. அப்பாவின் விசாரணைக்கு அலைந்த காலத்தில் நான் அறிந்துகொண்டது அது. கவனக்குறைவு யாருடையது என்று சண்டை பிடித்து வெல்ல வேண்டியதும் இல்லை. வேலை செய்யும்போது, வேலையால் வந்த காயமா என்பதுதான் முதற் கேள்வி. அதற்கு ஓம் என்று காட்டுவது எது? காயப்பட்டவன் முதன்முதலாக ஆஸ்பத்திரியில் என்ன சொன்னான், கூட வந்தவன் என்ன சொன்னான், முதலாளிக்கு எப்போது அறிவித்தார்கள், வைத்தியர் என்ன எழுதினார், அவ்வளவும்தான். இந்த ஊரில் எல்லாரும் செய்யும் பிழை அங்கேதான். நோவிலும் பயத்திலும் முதல் நாள் ஒரு கதை சொல்கிறோம். முதலாளிக்குக் கரைச்சல் வரக்கூடாது, சொந்தக்காரர், நல்லது கெட்டதுக்கு வேண்டியவர் என்று. உண்மையைப் பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறோம். பிறகு சொல்லும்போது அந்த உண்மைதான் காசுக்காகக் கட்டிய கதை மாதிரி நிற்கிறது. முதல் நாள் சொன்ன பொய் மூத்த பிள்ளை மாதிரி முன்னால் வந்து நிற்கிறது.

நீ பொய் சொல்லப் பழகியவன் இல்லை என்று எனக்குத் தெரியும். பேசாமலிருக்கப் பழகியவன். அதைப் பழக்கியது நான். சோதனைச் சாவடிகளில் உன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கேட்டா மட்டும் பதில் சொல்லு, கேட்டதுக்கு மட்டும் சொல்லு, கூட வாற பெரியாக்கள் என்ன சொல்லச் சொல்லுறினமோ அதைச் சொல்லு" என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது அது சரிதான். உன்னை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிவர எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் சாவடிகள் எடுபட்ட பிறகும் நான் அதை மாற்றிச் சொல்லவில்லை. நீ யாட்டுக்குப் போன முதல் நாளும் திருநீறு பூசிவிட்டு அதையேதான் சொன்னேன்: "பெரியப்பா சொல்லுறதைக் கேட்டு நட. எதிர்த்துக் கதையாத." அன்று ரஹீம் நானாவும் வட்டிலப்பத்தோடு வந்திருந்தார். "தம்பி இப்ப சுப்பவைசர். ஆரையும் மரத்தில மட்டும் ஏத்திப்போடாதீங்க, மகன்" என்றார். நாம் எல்லாரும் சிரித்தோம். நீதான் அதிகமாகச் சிரித்தாய்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே. உன் வேலை போய்விடும் என்று பயம். அடுத்த வேலைக்கு எங்கே போவாய் என்று பயம். பெரியப்பா வீட்டார் இனி நம் படலையைத் திறக்க மாட்டார்கள், அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாம் போக ஏலாது என்று பயம். பொலிஸிடம் முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னால் உனக்கு ஏதும் வருமோ என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயம். அதற்காக என்னோடு படிப்பிக்கும் ரீச்சரின் புருசன், சட்டத்தரணி, அவரிடம் சனிக்கிழமை போய்க் கேட்டேன். "கெதியாப் போய்ச் சொன்னா அது திருத்தம். விசாரணையில இழுபட்டுச் சொன்னா அது வேற" என்றார். பயத்தோடுதான் சொல்கிறேன் தம்பி. பயம் போனபிறகு செய்யலாம் என்று இருந்திருந்தால் ரஹீம் நானா இன்றுவரை தொண்டையைச் செருமியிருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை சுகந்தியோடு நான் தொழில் கந்தோருக்குப் போகிறேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். யோகன் முதலில் மறுத்தான். நேற்று அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வார்ட்டுக்குப் போய் அவனுடைய கட்டிலில் இருந்தார். என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன். "ஒண்டுமில்லை. இடுப்பை எப்பிடிச் சுகப்படுத்தினவங்கள் எண்டு அவன் கேட்டான். சொன்னனான். பிறகு, சுகந்தியைப் போகச் சொல்லுங்கோ எண்டான்" என்றார். சுகந்தி நடந்ததைச் சொல்வாள். அதில் உன் பெயர் வரும். மோட்டார் சைக்கிள் யாருடையது என்று கேட்டால், என் மகனுடையது என்று நான் சொல்வேன். இதை நீ அங்கே வேறு யாரும் சொல்லிக் கேட்கக்கூடாது, என்னிடமிருந்தே கேட்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். உன்னை மாட்டிவிடப் போகிறேன் என்று நினைப்பாய். நினை. சுகந்தியை என்னிடம் அனுப்பியது யார் என்று அன்று நான் கேட்கவில்லை. நேற்றுத்தான் கேட்டேன். "ஆஸ்பத்திரி வாசல்ல உங்கட மகன்தான் அழுதுகொண்டு நிண்டவர். அம்மா ரீச்சர், அவவிட்டக் கேளுங்கோ எண்டு சொன்னவர்" என்றாள். நீ என்ன செய்துகொண்டு நிற்கிறாய் என்று உனக்கே தெரிந்திருக்கிறது. சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

இன்று பின்னேரம் அப்பா முற்றத்தில் தறப்பாளை இழுத்துவிட்டு, உன் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிய ஏலாத மனிதர், கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து செயினைப் பார்த்தார். "பாவம் இது. தூசு பிடிச்சுக் கிடக்கு. ஆரும் துடைச்ச மாதிரியே தெரியேல்லை" என்றார். பிறகு தானே ஒரு பழந்துணி எடுத்துவந்து துடைத்து, எண்ணெய் போட்டு, காற்றும் பார்த்து வைத்திருக்கிறார். வண்டித் திறப்பு குசினி ஆணியில் தொங்குகிறது.

நாளை இரவு நீ வீட்டுக்கு வந்தால், கோப்பையில் சோறு இருக்கும். நான் ஒன்றும் கதைக்க மாட்டேன், கடைசி வார்த்தையை இப்போதே உனக்கு விட்டுத்தருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை சுகந்தி பஸ் நிலையத்தில் வந்து இறங்குவாள். நீ அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முன்னால் போ. நானும் அப்பாவும் ஓட்டோவில் பின்னால் வருகிறோம்.

அம்மா